நுவரெலியாவின் பியரும் நோட்டன் பிரிட்ஜின் கோடாவும்

லண்டனில் வசிக்கும் என் மருமகன் முறையான ஒருவர் சில மாதங்களுக்கு முன்னர் தொலைபேசியில் அழைத்தார். பிறந்தது நோட்டன் பிரிட்ஜ், வளர்ந்தது லண்டன். "மாமா, வீட்டிலேயே ஏல் காய்ச்சப் பழகுகிறேன்" என்றார். 'காய்ச்ச' என்ற சொல் என்னைச் சற்றே திடுக்கிட வைத்தது. மலையகத்தில் அச்சொல்லுக்கு வேறொரு வாடை உண்டு.

ஏல் என்பது பியரில் ஒரு வகை. அவர் கையாள்வது புதியவர்களுக்கான எளிய முறை. பார்லியை முளைக்கவைத்து உலர்த்தினால் மால்ட். அதை அரைத்து வெந்நீரில் ஊறவைத்தால் தானியத்தின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்த இனிப்பு நீரைச் சுண்டவைத்துப் பாகாக்கி டின்னில் அடைத்து விற்கிறார்கள். பாகை வாங்குபவர் பாதி வேலையைத் தாண்டிவிடுகிறார். நீரில் கரைத்து, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவுடன் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் தூவி மூடிவைத்தால், ஓரிரு வாரங்களில் நொதித்துவிடும். பின்னர் ஒவ்வொரு போத்தலிலும் சிறிது சீனி சேர்த்து அடைத்தால் நுரை கட்டும். சீனி மிகுந்தால் போத்தல் வெடிக்கும். பாத்திரத்தில் அழுக்கிருந்தால் புளித்துப்போகும்.

முக்கியமானது தட்பவெப்பம். ஏலுக்கு ஏறத்தாழ 18 முதல் 22 பாகை செல்சியஸ் வேண்டும். லாகர் எனப்படும் மற்றொரு வகைக்கு அதனினும் குளிர்ச்சி தேவை. குளிரூட்டும் இயந்திரங்கள் பரவாத காலத்தில், வெப்ப நாடுகளில் மதுவாலை வைக்க விரும்பிய ஆங்கிலேயர் மலையேறியதற்கு இதுவே காரணம். இமயமலைச் சாரலில் கசௌலி, மரீ ஆகிய இடங்களில் ஆலைகள் எழுந்தன. இலங்கையில் அவ்விடம் நுவரெலியா. ஆண்டின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில் இருக்கும் ஊர்.

சாமுவேல் பேக்கர் 1848இல் அங்கே குடியேறினார். பிற்காலத்தில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று புகழ்பெற்றவர் இவரே. துரைமாருக்காக 1849இல் அவர் சிறு அளவில் பியர் காய்ச்சத் தொடங்கினார் என்பது இலங்கை மதுவாலையின் பிறப்புக் கதையாகச் சொல்லப்படுகிறது. 'தேயிலைத் துரைமாருக்காக' என்று எழுதுவோரும் உளர். அது பிழை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டது 1867இல்தான். பேக்கர் காலத்து மலை கோப்பி மலை.

பேக்கர் 1855இல் வெளியிட்ட நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. இங்கிலாந்திலிருந்து அவர் அழைத்துவந்த குதிரைக்காரர், குடிபோதையில் வண்டியை மலைப்பாதையிலிருந்து பள்ளத்தில் உருட்டிவிட்டார். பேக்கர் அதை நகைச்சுவையாகவே எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரரின் போதை அங்கே வேடிக்கைக் கதை.

1881இல் நுவரெலியா மதுவாலை முறையான நிறுவனமாயிற்று. கோப்பி நோயால் அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. மால்ட்டும் ஹாப்ஸும் கடல் கடந்தே வந்தன. ரயில் பாதை 1885இல் நானு ஓயாவை எட்டியபின் போக்குவரத்து எளிதாயிற்று. சிங்கம் பொறித்த போத்தல்கள் இந்த ஆலையின் வழியில் வந்தவையே. குளிரூட்டல் மலிவான பிறகு மலையின் குளிருக்குத் தேவை இல்லாமற்போனது. உற்பத்தி கொழும்புக்கு அருகிலுள்ள பியகமவுக்கு இறங்கிற்று.

இந்த வரலாற்றுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம், உரிமம் இன்றி மது உற்பத்தி செய்வதைக் குற்றமாக்கிற்று. அதே காலத்தில் கள்ளுக்கடைகள் பெருகுவதை எதிர்த்து மதுவிலக்கு இயக்கம் நாடெங்கும் கிளர்ந்தது. அரசாங்கத்தின் அக்கறை, குடிப்பதைத் தடுப்பதைவிட வரி தவறாமல் பார்த்துக்கொள்வதில்தான் இருந்தது என்று அவ்வியக்கத்தார் குற்றஞ்சாட்டினர்.

தோட்டத் தொழிலாளிக்கு உரிமம் கனவிலும் கிட்டாது. அவன் சீனியையும் ஈஸ்ட்டையும் தண்ணீரில் கலந்து பீப்பாயில் ஊறவைத்தான். அதற்குப் பெயர் கோடா. அதைக் காய்ச்சி வடித்தால் கசிப்பு. கோடாவில் நிகழும் நொதிப்பும் நுவரெலியா ஆலையில் நிகழ்ந்த நொதிப்பும் அடிப்படையில் ஒன்றே. ஒன்று தொழில் எனப்பட்டது, மற்றொன்று குற்றம்.

கசிப்புக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. சம்பள நாளில் லயத்துக்கு லயம் எழுந்த அழுகுரலைக் கேட்டு வளர்ந்தவன் நான். கொழுந்து பறித்த கைகள் ஈட்டிய காசு அன்றிரவே கரைந்துபோகும். குடல் வெந்து செத்தவர்களையும் கண்டிருக்கிறேன்.

ஆயினும் ஒரு காட்சி மறக்கவில்லை. 1960களின் தொடக்கம். நோட்டன் நீர்த்தேக்கத்தின் தண்ணீர் லக்சபான மின்நிலையத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. எங்கள் லயத்திலோ குப்பிலாம்பு. அந்த வெளிச்சத்தில் என் பெரியப்பாவை அதிகாரிகள் இழுத்துச் சென்றார்கள். கோடாப் பீப்பாய் முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தது. பெரியப்பாவின் மகள், என் அக்கா, வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அக்காவின் மகன்தான் இன்று லண்டனில் ஏல் காய்ச்சுகிறார். பிரித்தானியாவிலும் 1880 முதல் வீட்டில் காய்ச்ச உரிமம் தேவைப்பட்டது. 1963இல் அது நீக்கப்பட்டது. விற்கக் கூடாது, சாராயமாக வடிக்கக் கூடாது, மற்றபடி தடையில்லை. இலங்கைக்குச் சட்டம் இயற்றிய நாடு தன் குடிமக்களுக்கு அளித்த சலுகை அது.

முதல் போத்தலைத் திறந்த நாளில், தாயாருக்கு ஒரு குவளை ஊற்றிக் கொடுத்தாராம். அக்கா அதைத் தொடவில்லை. முகர்ந்துவிட்டு, "இந்த வாடைக்குத்தான்டா உன் தாத்தாவைக் கூட்டிக்கிட்டுப் போனாங்க" என்று மட்டும் சொன்னாராம்.

மருமகன் அந்தக் கதையை அதுவரை அறிந்திருக்கவில்லை. என்னிடம் விவரம் கேட்கவே அழைத்திருந்தார். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதினேன்.