கப்பல் விட்டவரின் கணக்கேடு

சில மாதங்களுக்கு முன்னர் கொழும்பில் இளம் தொழில் முயற்சியாளர்களுக்கென நடைபெற்ற கருத்தரங்கு ஒன்றில் பார்வையாளனாக அமர்ந்திருந்தேன். தலைமைத்துவம் பற்றிப் பலர் பேசினர். எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்ட பெயர்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கணினி நிறுவனங்களின் அதிபர்களுடையவை. மண்டபத்தின் சாளரத்தினூடாகத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரிந்தன. இதே துறைமுகத்தை நம்பி, 1906ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் ஒரு தமிழ் வழக்கறிஞர் கப்பற் கம்பனி தொடங்கினார் என்பதை அங்கே ஒருவரும் நினைவுகூரவில்லை.

வ. உ. சிதம்பரம்பிள்ளையைத் தியாகியாக நாம் அறிவோம். 1961இல் வெளிவந்த 'கப்பலோட்டிய தமிழன்' திரைப்படத்தின் வாயிலாக அவரைச் சிவாஜி கணேசனின் முகத்தோடு சேர்த்து அறிந்தவர்களும் உளர். ஆனால் ஒரு நிறுவனத்தின் பிரதம நிறைவேற்று அதிகாரியாக வைத்து அவரை எடைபோட்டவர்கள் குறைவு. அவ்வாறு எடைபோடுவது அவரைச் சிறுமைப்படுத்துவதாகாது என்றே கருதுகின்றேன்.

அக்காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான நீராவிக் கப்பற் போக்குவரத்து, 'பிரிட்டிஷ் இந்தியா' என்ற ஆங்கிலேயக் கம்பனியின் கையில் இருந்தது. வணிகரும் தோட்டத் தொழிலாளரும் சரக்கும் அதன் கப்பல்களிலேயே சென்றாக வேண்டும். இந்த ஏகபோகத்தை உடைக்க, 1906 ஒக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 இலட்சம் ரூபா. பங்கொன்று 25 ரூபா வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். சிதம்பரம்பிள்ளை ஏற்ற பதவி உதவிச் செயலாளர் என்பதே. ஆயினும் கம்பனியின் மூளையும் கால்களும் அவரே.

அவர் பெருஞ்செல்வர் அல்லர். மக்களின் உணர்வைப் பங்குத் தொகையாக மாற்றியதுதான் அவருடைய முதலாவது திறமை. பங்கின் விலையைச் சிறு வணிகருக்கும் எட்டும் அளவில் வைத்தார். ஆசியர் எவரும் பங்குதாரர் ஆகலாம் என்று விதித்தமையால், இலங்கையருக்கும் கதவு திறந்திருந்தது. இந்தியர்களுக்குக் கப்பல் செலுத்தவும் கட்டவும் பயிற்சி அளிப்பதைக்கூடக் கம்பனியின் நோக்கங்களுள் ஒன்றாக எழுதி வைத்தார். இன்று 'தொலைநோக்கு' என்று திரையிற் காட்டப்படுவது அதுதான்.

முதற் சோதனை விரைவிலேயே வந்தது. தொடக்கத்தில் பம்பாய்க் கம்பனி ஒன்றிடம் வாடகைக்குப் பெற்ற கப்பல்களே ஓடின. பிரிட்டிஷ் இந்தியா கம்பனி அழுத்தம் கொடுக்க, பம்பாய்க்காரர்கள் கப்பல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு அமர்த்திச் சிதம்பரம்பிள்ளை நிலைமையைச் சமாளித்தார். பிறகு வடக்கே சென்று பணம் திரட்டினார். 1907இல் எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்னும் இரு கப்பல்கள் சொந்தமாகவே வந்து சேர்ந்தன. தொழிலின் உயிர்நாடியை மற்றவன் கையில் விட்டுவைக்கலாகாது என்ற பாடத்தை அவர் ஒரே அடியிற் கற்றுக்கொண்டார்.

அடுத்தது விலைப்போர். ஆங்கிலேயக் கம்பனி பயணக் கட்டணத்தை ஒரு ரூபாவாகக் குறைத்தது. சுதேசிக் கம்பனி எட்டு அணாவாகக் குறைத்தது. இலவசமாக ஏற்றிச் சென்று கையில் ஒரு குடையும் கொடுக்க ஆங்கிலேயர் முன்வந்தனர் என்றும் சொல்வர். பயணிகள் சுதேசிக் கப்பலையே விரும்பினர். ஆனால் கணக்கேட்டுக்கு உணர்ச்சி கிடையாது. எதிராளிக்குப் பல கடல்களில் பல வழித்தடங்கள். ஒன்றில் நேர்ந்த நட்டத்தை மற்றொன்றின் இலாபத்தால் ஈடுசெய்யலாம். இவருக்கு இருந்ததோ ஒரே வழித்தடம்.

மூன்றாவது சோதனையே மிகக் கடினமானது. 1908 பெப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, முன்னின்று வழிநடத்தியவர் சிதம்பரம்பிள்ளை. வேலைநிறுத்தம் வென்றது. மார்ச் 12ஆம் திகதி அவர் கைதானார். ஜூலையில் தீர்ப்பு வந்தது: இரு குற்றங்களுக்கு இருபது இருபது ஆண்டுகள். மேன்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டபோதிலும், 1912 டிசெம்பரில்தான் அவர் வெளியே வந்தார். அதற்கு முன்பே, 1911இல், கம்பனி கலைக்கப்பட்டுவிட்டது. எந்த எதிராளியை வெல்லக் கப்பல் வாங்கப்பட்டதோ, அந்த எதிராளிக்கே ஒரு கப்பல் விற்கப்பட்டதாக வரலாறு கூறுகின்றது.

கம்பனியை நடத்துபவர் அரசைப் பகைத்திருக்கலாமா என்று முகாமைத்துவப் பேராசிரியர் கேட்கக்கூடும். அவருக்கோ அரசியலும் கப்பலும் இரண்டல்ல. அரசியலை நீக்கினால் பங்கு வாங்கியிருக்கப் போகிறவர் யார்? ஆதலால் அக்கேள்வியை நான் எழுப்பமாட்டேன். நான் எழுப்புவது வேறொரு கேள்வி. அவர் இல்லாத நாளில் கம்பனியை எடுத்து நடத்த இரண்டாம் நிரையில் ஒருவர் ஏன் உருவாகவில்லை?

இக்கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததன்று. பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பத்திரிகையின் அதிபர் மிகுந்த ஆற்றலாளர். தலையங்கத்தின் தலைப்பு முதல் காகிதக் கொள்வனவு வரை யாவும் அவர் மேசையிலேயே முடிவாகும். காசோலையில் கையொப்பமிட இன்னொருவருக்கு அதிகாரம் இல்லை. அவர் நோயுற்ற முதல் மாதம் சம்பளம் தாமதித்தது. மூன்றாம் மாதம் காகிதம் வரவில்லை. ஆண்டு முடியுமுன் அச்சியந்திரம் நின்றது. எழுத்துக் கோப்பாளராக முப்பது ஆண்டுகள் உழைத்த ஒருவர், தம் உணவுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாயிலிற் சற்று நேரம் நின்றுவிட்டுப் போனதை நான் பார்த்தேன். அதிபர் தீயவர் அல்லர். தாம் இல்லாத ஒரு நாளை அவர் கற்பனை செய்து பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

சிதம்பரம்பிள்ளைக்கு அவகாசம் கிடைக்கவில்லை. கம்பனி பதிவானதிலிருந்து அவர் கைதானது வரை பதினேழு மாதங்கள்கூட நிறையவில்லை. கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் அடைபட்டு, செக்கிழுக்கவும் வைக்கப்பட்ட மனிதரிடம் வாரிசுத் திட்டம் எங்கே என்று கேட்பது நியாயமாகாது. விடுதலைக்குப் பின் வறுமையில் உழன்று, 1936 நவம்பர் 18ஆம் திகதி அவர் மறைந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பற் சேவை தொடங்கியதும், சென்னையிலிருந்து இலங்கை வரும் பயணிகள் தூத்துக்குடியைவிட்டு அவ்வழியே திரும்பினர். கம்பனி பிழைத்திருந்தால், அந்த மாற்றத்தை எதிர்கொள்ளவும் புதிய தலைவர் ஒருவர் தேவைப்பட்டிருப்பார். எந்தத் தனிமனிதரின் துணிவும் எல்லாக் காலத்துக்கும் போதாது.

கருத்தரங்கு முடிந்தபின் தேநீர் வேளையில் இளைஞர் ஒருவர், தம் நிறுவனத்தில் எல்லாமே தாமே என்று பெருமையோடு சொன்னார். 'நீங்கள் ஆறு மாதம் வரமுடியாமற் போனால், தம்பி?' என்று கேட்டேன். சிரித்தார், விடை சொல்லவில்லை.

சிதம்பரம்பிள்ளையின் கம்பனி சரிந்தமைக்கு ஒரு பேரரசின் பகையும் சிறையும் காரணம் காட்டலாம். நமக்குக் காட்டுவதற்கு அப்படி ஒன்றும் இல்லை.