சீதன வீடும் ரியாத் அறையும்

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை எங்கும் வீடு பெண்பிள்ளைக்கே சொந்தம். மாப்பிள்ளைதான் மனைவி வீட்டுக்குக் குடிவருவார். இதை நாம் பெருமையாகச் சொல்வோம். வீடு எந்தக் காசில் எழுந்தது என்று சொல்வது குறைவு.

1973இல் எண்ணெய் விலை ஏறியபின் வளைகுடா நாடுகள் வேலைக்கு ஆள் தேடின. நம் பெண்களும் போனார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் வந்தது 1985இல். போன இடத்தில் கிடைத்தது சமையலறையோரம் ஒரு சிற்றறை. பாஸ்போட் எஜமானின் அலுமாரியில். அரபியைப் பிள்ளைகளின் வாயிலிருந்து பழகினார்கள். ஊருக்கு ஒலிநாடாவில் பேசி அனுப்பினார்கள். கட்டிய வீடுகளில் பலவற்றை 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனது. சிலர் மறுபடியும் விமானம் ஏறினார்கள்.

முதுகுவலியோடு என்னிடம் வந்த ஒருவரிடம் எத்தனை வருஷம் இருந்தீர்கள் என்று கேட்டேன். "மூணு குமருக்கும் வீடு முடியுமட்டும், டொக்டர்."

2013இல், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வீட்டு வேலைக்குப் போகக்கூடாது என்று விதி வந்தது. வாப்பாமாருக்கு அப்படியொன்றும் வரவில்லை!

லண்டன், மெல்பேர்ண் போன பழைய மாணவியரை இம்மலர்களில் பட்டியலிடுகிறோம். ஒன்பதாம் வகுப்போடு நின்று ரியாத் போனவர்களும் நம்மோடு ஒரே வாங்கில் இருந்தவர்கள்தான். அடுத்த மலரில் அவர்களின் பெயர்களும் வரவேண்டும்.