மழை பெய்து பட்டினி கிடந்த மந்தை

ஆடு மாடு வச்சிருக்கிறவனுக்கு மழைன்னா சந்தோஷம். நாலு தூறல் விழுந்தா புல் தலை காட்டும், கால்நடை வயிறு நிறையும். ஆனால் மழை பெய்த காரணத்தாலேயே 61,000 கால்நடைகள் பட்டினி கிடந்து செத்த ஊர் ஒன்று இருக்கிறது. ரஷ்யாவின் வடக்கு ஓரத்தில், ஆர்க்டிக் கடல் பக்கம் நீண்டு கிடக்கும் யமால் தீபகற்பம். அங்கே வாழும் நெநெத்ஸ் மக்களின் மொழியில் யமால் என்றால் ‘நிலத்தின் முடிவு’ என்று பொருள்.

பள்ளிக்கூடத்தில் தூந்திரப் பிரதேசம் என்று படித்திருப்பீர்களே, அதுதான் அந்த இடம். கோடையில் மேல்மண் மட்டும் இளகும். அதுக்குக் கீழே வருஷம் பூரா உறைந்த மண். மரம் வேர் பிடிக்க வழியில்லை. குட்டைப் புதர், கோரை, பாசி, லைக்கன், அவ்வளவுதான் வெள்ளாமை. ரெயின்டீர் என்கிற பனிமானுக்குக் குளிர்காலத் தீனி இந்த லைக்கன்தான். பனிக்கு அடியில் கிடப்பதை மோப்பம் பிடித்து, குளம்பால் தோண்டித் தின்னும்.

நெநெத்ஸ் மக்கள் ஆதியிலிருந்தே பெரிய மந்தைக்காரர்கள் இல்லை. வேட்டையும் மீன்பிடியும்தான் முதலில் பிழைப்பு. சறுக்கு வண்டி இழுக்கக் கொஞ்சம் மான்களைப் பழக்கி வைத்திருந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில்தான் மந்தைகள் பெருகின. அதற்குச் சமூகக் காரணங்கள் உண்டு. கூடவே அன்றைக்கு நிலவிய குளிரும் மானுக்கு ஒத்துக்கொண்டது என்பது மானிடவியலாளர் இகோர் குருப்னிக்கின் கருத்து. யோசித்தால் விளங்கும். கோடை குளிர்ச்சியாக இருந்தால் கொசுவும் ஈயும் குறைவு. கடிக்குப் பயந்து ஓடாமல் நின்று மேய்கிற மான் கொழுக்கும். கொழுத்த மான் குளிர்காலத்தைத் தாண்டும்.

அப்புறம் சோவியத் ஆட்சி வந்தது. 1930-களில் மான்களைக் கூட்டுப்பண்ணையில் சேர்க்கச் சொன்னார்கள். நெநெத்ஸ் மக்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள், அடக்கப்பட்டார்கள். ஆனாலும் சொந்த மான் வைத்திருக்கும் பழக்கத்தை யமாலில் முழுசாக ஒழிக்க முடியவில்லை. சோவியத் ஆட்சியே போய்விட்டது. கோடைக்கு வடக்கே, குளிருக்குத் தெற்கே என்று கிடை போடும் வாழ்க்கை நிலைத்தது. அரசாங்கத்தைத் தாங்கியவர்களை அசைத்துப் பார்த்தது வானிலை.

2013 நவம்பரில், தரையெல்லாம் பனி விழுந்த பிறகு, மழை பெய்தது. பனிக்குள் இறங்கிய தண்ணீர், அடுத்து வந்த கடுங்குளிரில் கெட்டியான ஐஸ் பலகையாக உறைந்தது. வசந்தம் வரை இளகவில்லை. தீனி காலுக்கு அடியிலேயே இருக்கிறது, குளம்பு இறங்கவில்லை. யமாலில் இருந்த சுமார் 2,75,000 மான்களில் 61,000 செத்தன. 2006-லும் இப்படி நடந்து 20,000 மான்கள் போயின. பக்கத்துக் கடலில் ஐஸ் உறைவது தள்ளிப்போனதால் காற்றில் ஈரம் கூடியதைத்தான் ஆய்வாளர்கள் காரணமாகக் காட்டுகிறார்கள். மந்தை இழந்த சிலர் ஓரிடத்தில் தங்கி மீன் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டு, இரவல் வாங்கிய மான்களை வைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

சூடு கூடினால் செடி நல்லா வளருமே, மானுக்கு லாபம்தானே என்று கேட்கலாம். பாதி சரி. வில்லோ புதரின் தழையை மான் கோடையில் விரும்பித் தின்னும். ஆனால் சில பத்தாண்டுகளில் பல இடங்களில் அந்தப் புதர் ரெண்டு மீட்டருக்கு மேல் வளர்ந்து மரமாகிவிட்டது. நுனித்தழை மானுக்கு எட்டாது. மந்தை உள்ளே புகுந்தால் மேய்ப்பவன் கண்ணுக்கும் தெரியாது. லைக்கனோ வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் வளர்வது. உயரச் செடிகள் வெளிச்சத்தை மறைத்தால் அது ஒடுங்கிப்போகும். பச்சை கூடுகிறது, குளிர்காலத் தீனி குறைகிறது.

2016 கோடையில் வெயில் 35 டிகிரி வரை ஏறியது. ஆழமாக இளகிய மண்ணிலிருந்து ஆந்த்ராக்ஸ் கிளம்பியது. நாம் அடைப்பான் என்று சொல்வோமே, அதேதான். அடைப்பானில் செத்த மாட்டை அறுக்கக் கூடாது, ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும் என்பது கால்நடை வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். அந்தக் கிருமி மண்ணில் பல்லாண்டு உறங்கும். யமாலில் 1941-க்குப் பிறகு அந்த நோய் வரவில்லை. 2007-ல் தடுப்பூசியையும் நிறுத்திவிட்டார்கள். 2,000-க்கும் மேற்பட்ட மான்கள் செத்தன. 12 வயதுப் பையன் ஒருவனும் இறந்தான்.

அதற்குப் பிறகு, மான் அதிகமாகிவிட்டது, மந்தையைக் குறையுங்கள் என்று அதிகாரிகள் பேசத் தொடங்கினார்கள். மேய்ச்சல் நிலம் தேய்ந்திருப்பது உண்மைதான். ஆனால் அதே நிலத்தில்தான் போவனென்கோவோ எரிவாயு வயல் இருக்கிறது. 2012-ல் உற்பத்தி தொடங்கியது. ரயில் பாதையும் குழாய்களும் மந்தை போகும் தடத்தின் குறுக்கே கிடக்கின்றன. ஐஸ் பிடித்த நிலத்தில் மாட்டிக்கொண்ட மேய்ச்சல்காரனுக்கு ஒரே வழி, ஐஸ் இல்லாத இடம் தேடிக் கிடையை நகர்த்துவது. அதற்கு வேண்டியது திறந்த நிலம். வானத்தை யாராலும் உடனே மாற்ற முடியாது; தடத்தை அடைக்காமல் விடுவது மனுஷன் கையில் இருக்கிறது.