நிரம்பை தந்த உரைவளம்

சிலப்பதிகாரத்திற்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் கொங்கு நாட்டு நிரம்பையூரினர். பொப்பண்ண காங்கேயர்கோனால் புரக்கப் பெற்றவர். பாட்டின் அணிநலனும் கூத்தின் உறுப்பும் ஒருங்கே உணர்வார்க்கன்றி அக்காப்பியம் முழுதும் விளங்காது.

சான்று ஒன்று காண்போம். மதுரையை அணுகும் கோவலனை, வரவேண்டா என்று மதிற்கொடிகள் கைகாட்டி மறிப்பனவாக இளங்கோவடிகள் பாடுகிறார். காற்றில் இயல்பாக அசையும் கொடியின்மேல் புலவர் தம் கருத்தை ஏற்றுதலின் இது தற்குறிப்பேற்றவணி. நாடக நோக்கிலோ, வரவிருக்கும் கேட்டினை முன்னுணர்த்தும் குறிப்பு. கோவலன் அதனை அறியான், கற்போர் அறிவர். அவலச்சுவை அவ்விடத்தே அரும்புகிறது.

அடியார்க்கு நல்லார் இந்நூலை இயல், இசை, நாடகம் மூன்றும் விரவிய தொடர்நிலைச் செய்யுளாகவே கொண்டார். பழைய நாடக இலக்கணங்கள் இறந்துபட்டமை கூறி, எஞ்சிய ஐந்து நூல்களின் துணைகொண்டு அரங்கேற்று காதைக்கு விரிவுரை வரைந்தார். 1892இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தபோது அவ்வுரையைத் தமிழுலகம் அச்சில் கண்டது. எனினும் கானல்வரிக்கும் வஞ்சிக்காண்டத்திற்கும் அவருரை கிடைத்திலது.

அவர் சுட்டிய ஐந்தனுள் ஒன்றாகிய பஞ்சமரபு நெடுங்காலம் பெயரளவிலேயே அறியப்பட்டிருந்தது. 1970களில் அதனை அச்சேற்றியவர் கொங்கு நாட்டுப் புலவர் தெய்வசிகாமணிக் கவுண்டர். மதிவாணர் நாடகத் தமிழ்நூலோ இன்னும் வெளிப்படவில்லை. உரை நின்றமையால் இழந்த நூலின் பெயரேனும் நின்றது; பெயர் நின்றமையால் தேடலும் நின்றது.