செம்பட்டை முடியும் ஸ்கோலின் ஊசியும்

இந்தத் தடவை கொஞ்சம் மருத்துவம், கொஞ்சம் வரலாறு. ரெண்டும் கலந்த பதிவு. நீளம்தான், பொறுமையாகப் படிக்கவும்.

வெள்ளைக்காரர்களில் சிவந்த முடி உள்ளவர்களுக்கு மயக்க மருந்து அதிகமாகத் தேவைப்படும் என்று ஆஸ்பத்திரிகளில் ரொம்ப நாளாக ஒரு பேச்சு இருந்தது. 2004இல் அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகக் குழு ஒன்று இதைச் சோதித்தே பார்த்துவிட்டது. சிவந்த முடிப் பெண்கள் 10 பேர், கருமுடிப் பெண்கள் 10 பேர். முதல் கூட்டத்துக்கு டெஸ்ஃப்ளூரேன் என்ற மயக்க வாயு சராசரியாக 19 சதவீதம் கூடுதலாகத் தேவைப்பட்டது. முடிக்குச் சிவப்பு நிறம் வரக் காரணமான எம்சி1ஆர் என்ற மரபணுதான் இதற்கும் காரணம் என்றார்கள்.

(நம்ம ஊர்ல "செம்பட்டைத் தலை" என்று திட்டுவார்களே, அது வேறு. அது வெயிலும், எண்ணெய் வைக்காத தலையும், சில நேரம் சத்துக் குறைவும். எம்சி1ஆருக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.)

ஆனால் 20 பேர் என்பது சின்னக் கணக்கு. 2012இல் ஆஸ்திரேலியாவில் நானூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் பார்த்தபோது முடி நிறத்தால் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. வலி விஷயமும் குழப்பம்தான். சூடு, குளிர்ச்சியால் வரும் வலி இவர்களுக்கு அதிகம் என்றது ஓர் ஆய்வு, சில வகை வலியை மற்றவர்களைவிட நன்றாகவே தாங்குகிறார்கள் என்றது இன்னொன்று. என்னைக் கேட்டால், இணையத்தில் இந்தச் செய்தி சுற்றும் வேகத்துக்கு ஆதாரம் போதாது.

இதே மாதிரி, ஆனால் சந்தேகமே இல்லாத ஒரு கதை நம்ம பக்கத்திலேயே இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவு முன்னுரை.

ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக்குழாயில் டியூப் வைக்க வேண்டும். அதற்குத் தசைகள் தளர வேண்டும். அதற்கென்று போடும் ஊசிதான் சக்சினைல்கோலின். நம்ம ஊர் டாக்டர்கள் வாயில் அது "ஸ்கோலின்". போட்ட ஒரு நிமிடத்தில் உடம்பில் எல்லாத் தசையும் ஓய்ந்துவிடும், மூச்சு விடும் தசை உட்பட. ஐந்து, பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகும். காரணம், ரத்தத்தில் இருக்கும் ஒரு நொதி (சூடோகோலின்எஸ்டரேஸ் என்று பெயர்) அந்த மருந்தை உடனே உடைத்துப் போடுகிறது.

அந்த நொதி வேலை செய்யாதவருக்கு? மருந்து உடையாது. மணிக்கணக்கில் மூச்சு வராது. வெண்டிலேட்டரில் வைத்துக் காத்திருந்தால் பிழைத்துக்கொள்வார், கவனிக்காமல் டியூபை எடுத்தால் ஆபத்து. இன்னொரு கொடுமையும் உண்டு. ஸ்கோலின் தசையை மட்டும்தான் கட்டிப்போடும். நினைவையும் வலியையும் தொடாது. மயக்க மருந்தை முன்னாடியே நிறுத்திவிட்டால், அந்த ஆள் முழு நினைவோடு, எல்லாம் காதில் விழ, விரலைக்கூட அசைக்க முடியாமல் படுத்திருப்பார். யோசித்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

இந்த மருந்து 1951 வாக்கில் ஐரோப்பாவில் புழக்கத்துக்கு வந்தது. சீக்கிரமே, மூச்சு திரும்பாத நோயாளிகளைப் பற்றிய செய்திகளும் வந்தன. கனடாவின் டொரான்டோவில் வெர்னர் கேலோ என்ற ஆராய்ச்சியாளர் இந்த நொதியைத் துருவி, 1957இல் ரத்தத்தை வைத்தே இதைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்றைக் கொண்டுவந்தார். பரம்பரையாக வரும் குறை இது என்பது உறுதியானது. ஒரே மருந்து ஆளுக்கு ஆள் ஏன் வேறு மாதிரி வேலை செய்கிறது என்று ஆராயும் தனித்துறையே உருவானதில் இந்த ஊசிக்குப் பெரிய பங்கு உண்டு. சிவந்த முடி ஆராய்ச்சியெல்லாம் அந்தத் துறையின் பேரப்பிள்ளைதான்.

ஐரோப்பிய, அமெரிக்க மக்களிடம் இந்த நொதி அறவே இல்லாதவர்கள் லட்சத்தில் ஒருவர். ஆந்திராவின் வைசியர்களிடம் இது வழக்கத்துக்கு மாறாக அதிகம் என்று 1979இல் ஓர் ஆய்வு சொன்னது. பிறகு கோயம்புத்தூரில், பாரதியார் பல்கலைக்கழகத்தின் பூபதி குழுவினர் அங்குள்ள ஆரிய வைசியர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். கிட்டத்தட்ட 24 பேருக்கு ஒருவரிடம் நொதி இல்லை! 2006இல் காரணத்தையும் வெளியிட்டார்கள். நொதியின் 307ஆவது இடத்தில் லூசினுக்குப் பதில் புரோலின் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒற்றை எழுத்துப் பிழையோடு அவர்கள் ஆரோக்கியமாகத்தான் வாழ்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், முதுமை வரை இருக்கிறார்கள். ஸ்கோலின் போடாத வரை இந்தக் குறை வெளியே தெரியவே தெரியாது.

ஏன் இவர்களிடம் மட்டும்? இங்கேதான் வரலாறு வருகிறது. ஆரிய வைசியர் தெலுங்கு பேசும் வணிகர்கள். நம்ம தமிழ்நாட்டுக் கடைவீதிகளிலும் தலைமுறைகளாக இருப்பவர்கள், கன்னிகா பரமேஸ்வரியைக் கும்பிடுபவர்கள். கேட்ட அரசனுக்குப் பெண் கொடுக்க மறுத்து 102 கோத்திரத்தார் அம்மனோடு தீயில் இறங்கினார்கள் என்பது அவர்கள் மரபுக் கதை. 2009இல் டேவிட் ரீச், ஐதராபாத்தின் தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோர் இந்தியக் குழுக்களின் மரபணுவை ஒப்பிட்டார்கள். வைசியர்கள் ஒரு சின்னக் கூட்டத்திலிருந்து பெருகியவர்கள், அந்தக் கூட்டம் இருந்தது சுமார் 2000 முதல் 3000 ஆண்டுகளுக்கு முன்பு என்று தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் யாரோ ஒருவரிடம் இருந்த பிழை, வெளியே பெண் எடுக்காமல் கொடுக்காமல் இருந்ததால், கரையாமல் இன்றுவரை வந்திருக்கிறது.

சாதி இவ்வளவு இறுகியது பிரிட்டிஷ்காரன் காலத்தில், அவன் எடுத்த சென்சஸால் என்று ஒரு வாதம் உண்டு. ரீச் வைசியர்களைக் காட்டி இதை மறுக்கிறார். தலைமுறைக்கு ஒரு சதவீதம் வெளியாட்கள் கலந்திருந்தால்கூட அந்த மரபணுத் தடயம் அழிந்திருக்கும் என்கிறார். எனக்கு இதில் பாதி சம்மதம். ஒரு சாதி அப்படி இருந்தது என்பதால் எல்லாச் சாதியும் அப்படியே இருந்தது என்று ஆகாது. சென்சஸ் செய்த வேலையும் இல்லாமல் போகாது. ஆனால் அகமணம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் அல்ல என்பதற்கு இதைவிடக் கெட்டியான சாட்சி கிடைப்பது கஷ்டம்.

"அது அவங்க சமாச்சாரம்" என்று நாம் ஒதுங்கவும் முடியாது. 2017இல் வந்த ஆய்வில் 263 தெற்காசியக் குழுக்களைப் பார்த்ததில், 81 குழுக்களிடம் இதே மாதிரி "சின்னக் கூட்டத்திலிருந்து பெருகிய" அடையாளம் பின்லாந்துக்காரர்களைவிட அதிகமாக இருந்தது. மாமன் மகளுக்கும் அத்தை மகனுக்கும் முடிச்சுப் போடும் நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கம் எத்தனை பிழைகள் இப்படிப் பத்திரமாகக் கைமாறி வந்தனவோ!

நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் இந்த நொதியோடு இன்னொரு உறவும் இருக்கிறது. பருத்தி, மக்காச்சோளக் காட்டில் அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து இதே நொதியைத்தான் முடக்கும். மருந்து அடித்து மயங்கியவரையோ குடித்தவரையோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் முதலில் எடுக்கும் ரத்தச் சோதனைகளில் இந்த நொதியின் அளவும் ஒன்று. அவருக்கு ஸ்கோலின் போட்டால், எந்தச் சாதியாக இருந்தாலும் அதே நீண்ட முடக்கம்தான். பிறவியிலேயே நொதி இல்லாதவரின் ரிப்போர்ட்டைப் பார்த்து, மருந்து குடித்தவர் என்று தப்பாக நினைக்கவும் வாய்ப்பு உண்டு.

வைசியரா என்று தெரிந்துகொண்டு மருந்து கொடுக்கும் மயக்க டாக்டர்கள் இருக்கிறார்கள். உயிர் காக்கும் கேள்விதான், இருந்தாலும் ஆபரேஷன் வாசலில் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பது எனக்கு உறுத்துகிறது. அவசரத்தில் பொய்யான பதிலும் வரலாம். அதைவிட, "உங்க வீட்டுல யாருக்காவது ஆபரேஷனுக்கு அப்புறம் மூச்சு வர ரொம்ப நேரம் ஆச்சா? சமீபத்துல வயல்ல மருந்து அடிச்சீங்களா?" என்று எல்லோரிடமும் கேட்டுவிடலாம். சந்தேகம் இருந்தால் ரோகுரோனியம் என்ற வேறு தசை தளர்த்தி இருக்கிறது, அது இந்த நொதியை நம்பி இல்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆகியிருந்தால், டிஸ்சார்ஜ் தாளில் "ஸ்கோலின் ஆப்னியா" என்று எழுதியிருக்கும். அந்தத் தாளைத் தூக்கிப் போடாமல், அண்ணன் தம்பி அக்கா தங்கைகளுக்கும் ஒரு நகல் கொடுத்து வையுங்கள். அவர்களில் ஒருவருக்கு அதே குறை இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு.