வலி இல்லை, அறிகுறி இல்லை... அப்புறம் எதுக்கு டெஸ்ட்? கர்ப்பப்பை வாய் புற்றுநோய் பரிசோதனைக்கு பெண்கள் தயங்குவது ஏன்?

"நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு டெஸ்ட்?" கர்ப்பப்பை வாய் புற்றுநோய் பரிசோதனைக்கு அழைத்தால் பல பெண்கள் சொல்லும் பதில் இது. ஆனால், நன்றாக இருக்கும்போதே செய்துகொள்ள வேண்டிய பரிசோதனை இது.

இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 1.2 லட்சம் பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வருகிறது. 75 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர் என சர்வதேச மதிப்பீடுகள் கூறுகின்றன.

எத்தனை பேர் பரிசோதித்துள்ளனர்?

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ஒருமுறையாவது பரிசோதனை செய்தவர்கள் நாடு முழுவதும் 1.9%, தமிழ்நாட்டில் 9.8%. தேசிய சராசரியைவிட இது அதிகம்தான். ஆனாலும் தமிழ்நாட்டிலேயே 10 பேரில் 9 பேர் பரிசோதிக்கவில்லை.

அவகாசம் தரும் நோய்

இந்த நோய்க்கு முக்கியக் காரணம் ஹெச்பிவி வைரஸ். உடலுறவு மூலம் பரவும் இந்தத் தொற்று மிகச் சாதாரணமானது. பெரும்பாலானோருக்குத் தானாகவே சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் உடலில் தங்கி, செல்களை மெல்ல மாற்றும். அது புற்றுநோயாக மாற பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அதற்குள் கண்டுபிடித்தால் எளிய சிகிச்சையே போதும்.

டெஸ்ட் எப்படி இருக்கும்?

'விஐஏ' என்ற முறையில், நீர்த்த அசிட்டிக் அமிலத்தை கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள். மாற்றமடைந்த செல்கள் வெள்ளையாகத் தெரியும். மயக்க மருந்து தேவையில்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். வெள்ளையாகத் தெரிந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. மேல் பரிசோதனை தேவை என்றே பொருள்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் தொடங்கிய பெரிய ஆய்வில், இந்த முறையால் இறப்பு 35% குறைந்தது தெரியவந்தது. ஆனால் அங்கும், அழைக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் பரிசோதனைக்கு வரவில்லை.

தடுப்பது எது?

* கூச்சம்: ஆண் மருத்துவர் இருப்பாரோ என்ற தயக்கம்.
* பயம்: 'கேன்சர்னு சொல்லிட்டா என்ன பண்றது?' என்ற அச்சம்.
* வீட்டுச் சூழல்: கணவர், மாமியாரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டிய நிலை, ஒருநாள் கூலியும் போகும்.
* பழிச்சொல்: உடலுறவு மூலம் பரவும் தொற்று என்பதால், 'ஊர் என்ன பேசும்?' என்ற கவலை. கணவரை இழந்த பெண்களுக்கு இது இன்னும் அதிகம்.
* தவறான எண்ணம்: 'குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சு, மாதவிடாயும் நின்னாச்சு, இனி எதுவும் வராது' என்ற நம்பிக்கை.

யார், எப்போது?

30 முதல் 65 வயது வரை, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் வழிகாட்டுதல். தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது இலவசம். செவிலியர்களே இதைச் செய்ய முடியும். பெண் செவிலியர் வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம். ஹெச்பிவி தடுப்பூசி போட்டவர்களுக்கும் பரிசோதனை அவசியம்.

உடலுறவுக்குப் பின் ரத்தக்கசிவு, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் இருந்தால், 'முகாம் வரட்டும்' என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.