அகாப்பே, அன்பு, அருள்: விவிலியத் தமிழாக்கத்தில் இறையன்புச் சொல்

கிறித்தவ நம்பிக்கையின் மையமாக விளங்கும் இறையன்பைக் குறிக்கப் புதிய ஏற்பாடு பெரிதும் ஆளும் கிரேக்கப் பெயர்ச்சொல் ‘அகாப்பே’ என்பதாகும். பிற காதற்சொற்களினின்றும் வேறுபட்ட, தன்னலமற்ற தெய்வ அன்பை மட்டுமே இச்சொல் இயல்பாகக் குறிக்கும் என்னும் கருத்து, சுவீடிய இறையியலாளர் ஆண்டர்ஸ் நீக்ரன் 1930களில் வெளியிட்ட நூலுக்குப் பின் பரவலாயிற்று. சொல்லாய்வு இக்கருத்துக்குத் துணைநிற்பதாக இல்லை. எபிரேயத்திலிருந்து கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்ட எழுபதின்மர் பெயர்ப்பில், தாமார்மீது அம்னோன் கொண்ட முறைகேடான வேட்கையும் (இரண்டாம் சாமுவேல் 13) இதே சொல்லால்தான் குறிக்கப்பெறுகிறது. ‘பிலேயோ’ என்னும் வினை ‘முத்தமிடு’ என்னும் பொருளையும் ஏற்றதால், அதன் இடத்தை ‘அகாப்பாவோ’ சிறிது சிறிதாகப் பிடித்துக்கொண்டது என்று ரொபேர் ஜோலி 1968இல் விளக்கினார். சொல்லிலிருந்து இறையியலை வருவிக்கும் போக்கை ஜேம்ஸ் பார் 1961லேயே கண்டித்திருந்தார்.

ஆகவே, வியப்புக்குரியது சொல்லில் இல்லை. அச்சொல் வைக்கப்பட்ட தொடர்களில் இருக்கிறது. பாவிகளாயிருந்தோருக்காகவே கிறித்து இறந்தார் என்று உரோமர் மடலின் ஐந்தாம் அதிகாரம் கூறுகிறது. தகுதியை நோக்காத இவ்வன்பைத் தமிழில் எச்சொல்லால் பெயர்ப்பது?

தமிழ் மரபில் இதற்கு உரிய சொல் ‘அருள்’ என்றே முதற்கண் தோன்றும். தொடர்புடையார்மேற் செல்வது அன்பு. தொடர்பு கருதாது எல்லா உயிர்கள்மேலும் செல்வது அருள். பரிமேலழகர் உரை வழி நிலைபெற்ற பாகுபாடு இது. இதன்படி, பகைவர்க்கும் இரங்கும் இறைவனின் பண்பு அருளே. எனினும் மொழிபெயர்ப்பாளர்கள் அன்பையே தேர்ந்தனர்.

காரணம், சொல்லின் திசை. புதிய ஏற்பாட்டில் அகாப்பே இறைவனிடமிருந்து மனிதனுக்கும், மனிதனிடமிருந்து இறைவனுக்கும், மனிதரிடையேயும், தந்தைக்கும் மகனுக்குமிடையேயும் செல்கிறது. அருள் பிற உயிர்கள்பால் செல்லும். இறைவனிடமிருந்து இறங்கியும் வரும். ஆனால் மனிதன் கடவுளுக்கு அருள்செய்தான் என்று தமிழில் கூற இயலாது. முழு உள்ளத்தோடும் கடவுளிடம் அன்புகூர வேண்டும் என்னும் கட்டளையை அருள் என்னும் சொல்லால் அமைக்கவே முடியாது. நாற்றிசையும் செல்லவல்ல ஒரே சொல்லாக ‘அன்பு’ எஞ்சியது. உறவினர் எல்லைக்குள் நின்ற சொல்லைப் பகைவர்வரை நீட்டும் பணியைத் தொடர்களே செய்தன.

1871இல் வெளிவந்த ஐக்கியத் திருப்புதலில் ‘அன்புகூர்’ என்னும் கூட்டுவினை யோவான் 3:16இல் ஆளப்பட்டுள்ளது. கூர்ப்பு என்பது உள்ளது சிறத்தலை உணர்த்தும் எனத் தொல்காப்பிய உரியியல் சுட்டுவதால், மிகுதிப்பொருள் வினைக்குள்ளேயே அமைந்துவிடுகிறது. கிரேக்க மூலத்தின் ‘ஹூத்தோஸ்’ அடிப்படையில் ‘இவ்வாறு’ எனப் பொருள்படும்; தமிழில் அது ‘இவ்வளவாய்’ என அளவுப்பொருள் பெற்றது. வியப்பு கூடியது, முறைப்பொருள் மங்கியது. மேலும் அத்திருப்புதல் ‘உலகம்’ என்னும் சொல்லுக்கு ஏழாம் வேற்றுமை ‘இல்’ உருபு தருகிறது. இன்றைய வாசகர் அதை அன்பு நிகழ்ந்த இடமாகக் கொள்ள இடமுண்டு. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘மேல்’ என மாற்றியது இவ்விடர் கருதியதாகலாம்.

யோவான் 21இல் உயிர்த்த இயேசு பேதுருவை மும்முறை வினவுகிறார். முதலிருமுறை அகாப்பாவோ, மூன்றாம் முறை பிலேயோ. பேதுருவின் விடைகள் யாவும் பிலேயோ. 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியம் அனைத்தையும் ஒரே சொல்லால் பெயர்த்தது. ஐக்கியத் திருப்புதலோ ‘அன்பாயிரு’, ‘நேசி’ என இரு வினைகளால் வேறுபாட்டைக் காத்தது. அதே நூலின் 3:35இலும் 5:20இலும் தந்தை மகனிடம் கொண்ட அன்பைப் பற்றிக் கிரேக்கம் வினையை மாற்றியபோது, தமிழ் இரண்டையும் அன்பு என்றே பெயர்த்தது. மாறுபாடு உரையாடலுக்கு இன்றியமையாத இடத்தில் மட்டும் அதைக் காத்தனர் போலும். இதனைக் கவனக்குறைவு எனக் கருத வேண்டியதில்லை.

எபிரேயத்தின் ‘ஹெசெத்’ இதனினும் கடினமானது. உடன்படிக்கைக்குரிய உண்மை, இரக்கம், பற்று ஆகிய மூன்றையும் அது தழுவும். திருப்பாடல் 136இல் ஒவ்வொரு வசனத்தின் முடிவிலுமாக 26 முறை வரும் இச்சொல்லை ஐக்கியத் திருப்புதல் ‘கிருபை’ என்றது. புதிய ஏற்பாட்டின் ‘காரிஸ்’ என்னும் சொல்லுக்கும் அதுவே ‘கிருபை’ என வழங்கியமையால், இரு வேறு கருத்துகள் தமிழில் ஒன்றாயின. திருவிவிலியம் முன்னதைப் ‘பேரன்பு’ என்றும் பின்னதை ‘அருள்’ என்றும் பிரித்தது. முதலில் ஒதுக்கப்பட்ட ‘அருள்’, இறைவனிடமிருந்து மட்டுமே இறங்கும் கொடைக்குரிய சொல்லாக இவ்வாறு இடம்பெற்றது.